விண்குறியும் மண்குறியும்

வழி தவறிய ஒருவனுக்கு அவன் நிற்கும் இடத்தை அறிவிக்கும் சான்று தொலைவில் இருக்க வேண்டுமா, அருகில் இருக்க வேண்டுமா என்னும் கேள்வி, இந்நாளில் கைப்பேசிச் செயலி இயற்றும் இளைஞர்களிடம் ஒரு தொழில்நுட்ப விவகாரமாக வந்து சேர்ந்திருக்கிறது. ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் குறிப்பைக் கொண்டு இருப்பிடத்தைக் கணிப்பதா, கட்டடத்துக்குள் சுவரிலும் தூணிலும் பதித்து வைத்த சிறு கருவிகளின் குறிப்பைக் கொண்டு கணிப்பதா என்று ஆராயும்போது, அவர்கள் செலவையும் துல்லியத்தையும் மின்கலத்தின் ஆயுளையும் நிறுத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறார்கள். இதே கேள்வியைச் சமயத் தத்துவம் பல நூற்றாண்டுகளாக வேறு சொற்களில் கேட்டு வந்திருக்கிறது. உயிருக்கு வழிகாட்டும் பரம்பொருள் எட்டாத பரவெளியில் நின்று எல்லோர்க்கும் பொதுவாக ஒளிர்கிறதா, அன்றி ஓர் ஊரின் ஒரு கோயிலில் ஒரு கருவறைக்குள் கண்ணுக்கு எட்டும் அணிமையில் எழுந்தருளியிருக்கிறதா, இவ்விரண்டில் எதனைப் பற்றிக்கொண்டு நடப்பது விவேகம் என்பதே அக்கேள்வி. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், கருவிகளைப் பற்றிய தெளிவு தத்துவத்துக்கும், தத்துவத்தின் பழைய அநுபவம் கருவிகளைத் தேர்வோருக்கும் ஓரளவு உதவும் என்று கருதியே இதனை எழுதப் புகுகிறேன்.

இவ்வாராய்ச்சிக்குப் பாலக்காடு தொடங்கி இடுக்கி வரையில் தமிழகத்தை ஒட்டிக் கிடக்கும் கேரள எல்லைப்புறத்தைக் காட்டிலும் இசைந்த நிலம் வேறு கிடைப்பது அரிது. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடும் பாலக்காட்டுக் கணவாயில், வாளையாற்றைக் கடந்து சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வயல்வெளிகளில் கரும்பனைகளின் நடுவே நிற்பவனுக்கு, வானம் அடிவானம் முதல் அடிவானம் வரை மறைப்பின்றி விரிந்து கிடக்கிறது. அங்கிருந்து தெற்கே வந்து, 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடியைத் தாண்டிப் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று எல்லையோடு இறங்கினால், மலைகளின் இடுக்கும் சோலைக்காட்டின் தழைக்கூரையும் ஆகாயத்தை ஒரு கீற்றாகக் குறுக்கிவிடுகின்றன. ஒரே எல்லைக்கோட்டின் இரு முனைகளில், ஒன்றில் வானம் தாராளமாகவும் மற்றொன்றில் அரிதாகவும் கிட்டுகிறது.

கார்த்திகையில் மாலை அணிந்த தமிழகத்துச் சாமிமார் கம்பம், லோயர்கேம்ப் வழியாகக் குமுளி ஏறி, வண்டிப்பெரியாற்றைக் கடந்து சத்திரம் என்னும் இடத்தை அடைந்து, அங்கிருந்து உப்புப்பாறை, புல்மேடு வழியாகப் பெரியாறு புலிகள் காப்பகத்தின் ஊடே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நடந்து சபரிமலைச் சந்நிதானத்தைச் சேர்கிறார்கள். இக்காட்டு வழிகளில் செல்வோருக்காகக் கேரள வனத்துறை 2023-ஆம் ஆண்டில் 'அய்யன்' என்னும் செயலியை வெளியிட்டது. தமிழ் உட்படப் பல மொழிகளில் அமைந்த அச்செயலி, கைப்பேசிக் கோபுரத்தின் தொடர்பு அற்றுப்போன இடத்திலும் இயங்குமாறு வகுக்கப்பட்டிருக்கிறது. காட்டைக் கடந்து சந்நிதானத்தின் பெருங்கூட்டத்துக்குள் புகுந்த பின்னரோ உதவிக்கு வருவது வேறொன்று. பம்பையில் காவல் துறையினர் அண்மை ஆண்டுகளில் குழந்தைகளின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி அனுப்புகிறார்கள்; மிக அருகில் கொண்டுவந்து படித்தாலன்றி அது எதையும் சொல்லாது. ஆகவே ஒரே யாத்திரையில் தொலைவிலிருந்து பேசும் விண்ணின் குறியும் அருகிலிருந்து பேசும் மண்ணின் குறியும் அடுத்தடுத்துப் பயன்படுவதை இங்கே பிரத்தியட்சமாகக் காண்கிறோம்.

முதலில் விண்ணின் குறியைப் பார்ப்போம். ஜி.பி.எஸ். என்று எல்லோரும் அறிந்த அமெரிக்க ஏற்பாட்டின் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை ஒவ்வொன்றும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பவை, தான் இப்போது இருக்கும் இடம் இன்னது, தன் கடிகாரம் காட்டும் நேரம் இன்னது என்னும் இரண்டே செய்திகள். அச்செய்தி புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளி, தலைக்கு நேர் மேலே உள்ள கோளிலிருந்து வருமாயின், ஒரு விநாடியில் ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கு. அவ்விடைவெளியை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் கோளின் தூரம் கிடைக்கிறது. மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் இடத்தை நிர்ணயிக்கலாம் என்பது க்ஷேத்திர கணிதத்தின் தீர்ப்பு. ஆயினும் செயலியின் கணக்கு மூன்றோடு நிற்பதில்லை. நான்காவது ஒரு கோளையும் அது வேண்டுகிறது.

அந்த நான்காவது கோள் எதற்காக என்பதில்தான் இக்கலையின் உயிர் இருக்கிறது. கோள்களில் உள்ளவை அணுக்கடிகாரங்கள். நம் கையில் உள்ளதோ மலிவான ஒரு கடிகாரம். அது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரக் கணக்கில் 300 மீட்டர் பிசகிவிடும். ஆதலால் கைப்பேசி, கணக்கைத் தொடங்கும்போதே, தன் கடிகாரம் தவறானது என்றும், தவறு எவ்வளவு என்பது தனக்குத் தெரியாது என்றும் வைத்துக்கொண்டு, அத்தவற்றையும் கண்டுபிடிக்க வேண்டிய ஒரு பொருளாகச் சேர்த்துக்கொள்கிறது. இடத்தைக் குறிக்க மூன்று எண்கள், தன் பிழையைக் குறிக்க ஓர் எண். ஆகவே நான்கு சாட்சிகள். தன் பிழை எல்லாத் தூரங்களிலும் ஒரே அளவாகக் கலந்திருப்பதால், நான்கு தூரங்களும் ஒரு புள்ளியில் கூடாமல் முரண்படுகின்றன. எவ்வளவு திருத்தினால் அவை கூடுமோ, அவ்வளவே தன் பிழை என்று அது தெரிந்துகொள்கிறது. உலகம் முரண்படுவதாகத் தோன்றும்போது சாட்சிகள் நால்வரும் பொய்யர் என்று முடிவு கட்டாமல், நால்வர் சொல்லிலும் பொதுவாகப் படிந்திருக்கும் கோணல் தன்னுடையதாக இருக்கக்கூடும் என்று ஐயுறும் பண்பு, ஒரு கருவிக்குள் கணித வடிவத்தில் பொதிந்திருக்கிறது. உயிரின் அறிவு முழுவதிலும் ஆணவம் என்னும் மலம் அநாதியாகக் கலந்திருக்கிறது என்றும், அதனை உணராதவரையில் உயிர் எதையும் உள்ளவாறு அறியாது என்றும் சொல்லும் சைவ சித்தாந்தி இக்கணக்கைக் கண்டால் தன் சாத்திரத்துக்கு அந்நியமானது என்று கருதமாட்டான்.

கோள்களாவது பிழையற்றவையா என்றால், அதுவும் இல்லை. புவியீர்ப்புக் குறைந்த உயரத்தில் வேகமாகச் செல்லும் கடிகாரம், சார்பியல் விதிப்படி, பூமியில் உள்ள கடிகாரத்தைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ விநாடி முந்திக்கொள்கிறது. அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் கணக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் விலகிவிடும். ஆகையால் அக்கடிகாரங்களை முன்கூட்டியே அதற்கேற்ப அமைத்து அனுப்புவதோடு, தரை நிலையங்கள் அவற்றை இடைவிடாது அளந்து திருத்தக் குறிப்புகளையும் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. நம் நாட்டின் நாவிக் ஏற்பாட்டுக்காக 2013 ஜூலை 1-ஆம் நாள் ஏவப்பட்ட முதற் கோளின் மூன்று அணுக்கடிகாரங்களும் சில ஆண்டுகளுக்குள் பழுதாயின. பின்னர் 2023 மே 29-ஆம் நாள் சென்ற கோளில்தான் நாமே செய்த அணுக்கடிகாரம் இடம்பெற்றது. விண்ணிலிருந்து பேசுவது என்னும் ஒரே காரணத்தால் ஒரு சொல் திருத்தத்துக்கு அப்பாற்பட்டதாகிவிடாது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

இந்திய விண்வெளி முயற்சியின் தொடக்கமே கேரளத்தில் ஒரு கோயிலோடு பிணைந்திருப்பது இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. காந்த நடுக்கோடு அருகே செல்வதால் தேர்ந்தெடுக்கப்பட்ட தும்பா என்னும் மீனவர் ஊரில், புனித மகதலேன் மரியாளின் தேவாலயத்தை ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவும் பங்கு மக்களும் விஞ்ஞானிகளுக்கு விட்டுக்கொடுத்தனர். 1963 நவம்பர் 21-இல் அவ்வூரிலிருந்து முதல் ராக்கெட் பறந்தது. தாம் தொழுத இடத்தை விட்டுக் கொடுத்த அம்மக்கள் தொழுகையை விட்டுவிடவில்லை. வேறோர் ஆலயம் எழுப்பிக்கொண்டார்கள். தெய்வம் எங்கும் உள்ளது என்று நம்பியதால் அவர்களால் இடத்தைக் கொடுக்க முடிந்தது. ஆயினும் தொழுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்று உணர்ந்ததால் மற்றோர் இடத்தைத் தேடிக்கொண்டார்கள். நாம் ஆராயும் இரு தரப்பும் அவர்கள் செயலில் சண்டையின்றி ஒன்றுகூடியிருந்தன.

மீண்டும் விண்ணின் குறிக்கு வருவோம். செயற்கைக்கோளுக்குத் தன்னைக் கேட்பவன் யார் என்பது தெரியாது. அது பேசுகிறது, கேட்கும் கருவி தன் இடத்தைத் தானே கணித்துக்கொள்கிறது. கப்பல் தலைவனுக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழும் தொழிலாளிக்கும் அது ஒரே செய்தியையே தருகிறது. கோடிப் பேர் கேட்டாலும் அச்செய்தி குறைவதில்லை. ஞானிகள் பரம்பொருளின் பரநிலையைப் பற்றிக் கூறும் விருப்பு வெறுப்பின்மை, குறையாமை, எங்கும் நிறைதல் ஆகிய இலக்கணங்களோடு இது வியக்கத்தக்க விதத்தில் ஒத்திருக்கிறது. ஆனால் அச்செய்தி மிக மெல்லியது. ஒரு கான்கிரீட் கூரை அதனைத் தடுத்துவிடும். மலைச்சுவரில் மோதித் திரும்பி வருமாயின், தாமதித்து வந்த காரணத்தால் கோள் மேலும் தொலைவில் இருப்பதாகப் பொய்த் தோற்றம் உண்டாக்கும். இடுக்கான பள்ளத்தாக்கில் தலைக்கு நேர் மேலே நெருங்கி நிற்கும் கோள்களே புலப்படுவதால், சாட்சிகள் ஒரே பக்கத்திலிருந்து பேசும் வழக்கைப் போலத் தீர்ப்பு நெகிழ்ந்துவிடும். மேலே உள்ளது மாறவில்லை, கீழே உள்ள மறைப்பே குற்றம் என்று தத்துவவாதி சொல்லலாம், சொல்வது மெய்யும்கூட. ஆயினும் கூரையின் கீழ் வழி தவறி நிற்பவனுக்கு, கூரைக்கு மேலே வானம் செம்மையாக இருக்கிறது என்னும் செய்தி எந்த விதத்திலும் பயன்படாது.

அங்கேதான் மண்ணின் குறி வேண்டியதாகிறது. சுவரில் பொருத்திய புளூடூத் கருவி தன் பெயரை மட்டும் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருக்கிறது. குரலின் வலிமையைக் கொண்டு கைப்பேசி தூரத்தை ஊகிக்கிறது. வைஃபை அலைகளைக் கொண்டு ஊகிப்பதும் உண்டு. அகன்ற அலைவரிசையைக் கையாளும் வேறு சில கருவிகள் சாண் கணக்கில்கூட இடத்தைக் காட்ட வல்லவை. ஒன்றும் இயலாவிட்டால் தூணில் ஒட்டிய ஒரு கியூ.ஆர். குறியே போதும். இவற்றில் எதுவும் இயல்பாகக் கிடைப்பதன்று. ஒருவர் முன்னரே வந்து, இடத்தை அளந்து, கருவியைப் பதித்து, வரைபடத்தில் குறித்து, மின்கலம் தீருமுன் மாற்றி, இடம் பெயர்ந்தால் மீண்டும் குறித்து, நாளும் பேண வேண்டியிருக்கிறது. பேணுவோர் இல்லையாயின் அவை ஊமையாகிவிடும். அதனினும் கொடியது, பெயர்ந்த இடத்திலிருந்து பழைய பெயரையே சொல்லிப் பொய்க் குறியாகிவிடும்.

இவ்வியல்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பவர்க்கு வைணவ ஆசாரியர்கள் சொன்ன அர்ச்சாவதாரம் நினைவுக்கு வராமற் போகாது. இறைவனுடைய நிலைகள் ஐந்து என்று வகுத்த பிள்ளை லோகாசாரியர், ஸ்ரீவசன பூஷணத்தில் அவற்றைத் தாகம் கொண்டவனுக்கு நீர் கிட்டும் முறைகளோடு ஒப்பிடுகிறார். பரநிலை அண்டத்துக்கு அப்பால் உள்ள நீரை ஒத்தது. வியூகம் பாற்கடலை ஒத்தது. அவதாரங்கள் பெருகி வந்து வடிந்துபோன வெள்ளத்தை ஒத்தவை. உயிருக்குள் உறையும் அந்தர்யாமி, தோண்டினாலன்றிக் கிட்டாத நிலத்தடி நீர். கோயிலில் எழுந்தருளியிருக்கும் அர்ச்சை மட்டுமே ஆற்றில் தேங்கிய மடுப்போலத் தாகித்தவன் குனிந்த மாத்திரத்தில் கைக்கு எட்டுவது. எல்லாம் வல்லவன் அர்ச்சகரின் கையை எதிர்பார்த்து, நீராட்டுவார் இருந்தால் நீராடி, அமுது படைப்பார் இருந்தால் உண்டு, தன்னைப் பிறருக்கு அதீனமாக்கிக்கொள்ளும் எளிமையை ஆசாரியர்கள் குறையாகக் கருதாமல் குணங்களின் உச்சியாகப் போற்றினார்கள். பாலக்காட்டுக் கல்பாத்தி ஆற்றங்கரையில் விசுவநாதர் கோயிலைச் சூழ்ந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் காசியில் பாதி கல்பாத்தி என்று சொல்லிக்கொண்டபோது, எட்டாத் தொலைவில் உள்ள ஒன்றைத் தம் தெருக்கோடியில் பதித்து வைத்த செயலையே அவர்கள் செய்தார்கள்.

அருகில் உள்ள குறி தூரத்தின் குறி செய்ய இயலாத மற்றொரு காரியத்தையும் செய்கிறது. சந்நிதானத்துக் கூட்டத்தில் கைவிட்டுப் போன குழந்தையின் மணிக்கட்டுப் பட்டை, குழந்தை எந்த அட்சரேகையில் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்று சொல்வதில்லை; அதன் பெற்றோரை அழைக்க வேண்டிய எண் இன்னது என்று மட்டும் சொல்கிறது. வழி தவறிய குழந்தைக்கு வேண்டியது தான் நிற்கும் இடத்தைப் பற்றிய அறிவன்று, தான் யாருக்கு உரியது என்பதை அறிந்த ஒருவர் அருகில் இருப்பதே. உயிரின் மெய்யான சொரூபம் இறைவனுக்கு உரியதாய் இருத்தலே என்று வைணவர் கூறும் சேஷத்துவத்துக்கு இதைவிடத் தெளிவான உலகியல் உதாரணம் வேண்டுவதில்லை.

உரிமையின் கேள்வியை வானத்து அளவையால் தீர்க்க இயலாது என்பதற்குக் குமுளிக்கு அண்மையிலேயே ஒரு சான்று உண்டு. பெரியாறு காப்பகத்தின் மலையுச்சியில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் சித்திரை முழுநிலவு நாள் ஒன்றில் மட்டுமே பொதுமக்கள் அனுமதிக்கப்படுகிறார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் செல்வோரும், கூடலூரை அடுத்த பளியன்குடி வழியாகக் காட்டில் நடந்து ஏறுவோரும் அன்று ஒரே சந்நிதியில் கூடுகிறார்கள். அந்த இடிந்த கற்கோயில் எவ்வெல்லைக்குள் அடங்குவது என்பது பற்றித் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையே நெடுநாளாக வழக்காடல் நிகழ்கிறது. பழைய நில அளவைகளும் புதிய அளவைகளும் அதில் சான்றாக எடுத்துக் காட்டப்படுகின்றன. கையிலுள்ள செயலி, திறந்த வானத்தின் கீழ், அவ்விடத்தைச் சில மீட்டர் பிசகில் குறித்துவிடும். ஆயினும் அக்குறியினால் வழக்குத் தீராது. ஏனெனில் கல் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி ஒருவருக்கும் ஐயமில்லை, கோடு எங்கே செல்ல வேண்டும் என்பதைப் பற்றியே ஐயம். இடத்தை அறிதல் வேறு, உரிமையை அறிதல் வேறு என்பதை உணராமல் துல்லியத்தையே மெய்ம்மை என்று மயங்குவது இக்கலையைப் பயில்வோருக்கும், சமயத்தை வாதமாக மட்டும் பயில்வோருக்கும் பொதுவான குற்றம்.

இவ்விரு குறிகளும் வேண்டா, உள்ளத்தை அடக்கி உள்ளே நோக்குவதே வழி என்று சொல்லும் மூன்றாவது தரப்பும் இந்நிலத்திலேயே எழுந்திருக்கிறது. பாலக்காட்டைச் சார்ந்த கொல்லங்கோட்டில் பிறந்து, ஆலத்தூரில் சித்தாசிரமம் அமைத்த பிரம்மானந்த சிவயோகி (1852–1929), உருவ வழிபாட்டையும் தீர்த்த யாத்திரையையும் மறுத்து, ஆனந்தத்தை நாடும் மனத்தை ராஜயோகத்தால் அடக்குவதே மதம் என்று போதித்தார். கட்டடத்தின் உட்புறமும் உயிரின் உட்புறமும் ஒன்றல்ல என்பதை இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். சுவரில் பதித்த கருவி, கட்டடத்துக்கு உள்ளே இருந்தாலும், கேட்பவனுக்குப் புறத்தேதான் இருக்கிறது. சிவயோகியின் வழிக்கு ஒப்பான முறை கருவியுலகில் வேறொன்று. கைப்பேசி எந்தக் குறியையும் கேளாமல், தன் உள்ளே உள்ள உணரிகளால் தான் எத்தனை அடி வைத்தது, எப்பக்கம் திரும்பியது என்பதைத் தானே எண்ணி, புறப்பட்ட இடத்திலிருந்து இப்போதைய இடத்தைக் கணித்துக்கொள்வது அது.

அம்முறை கூரையின் கீழும் சுரங்கத்திலும் காட்டிலும் ஒன்றுபோல் நடக்கும். எவருடைய தயவையும் எதிர்பாராது. அதன் சுயேச்சை வணங்கத் தக்கது. ஆயினும் ஒவ்வோர் அடியிலும் உண்டாகும் நுண்ணிய பிழை அடுத்த அடியின் பிழையோடு கூடிக்கொண்டே போவதால், சிறிது தூரம் சென்றதும் கணக்கு உண்மையிலிருந்து விலகத் தொடங்குகிறது. விலகியதை அது தானாக அறியவும் முடியாது. நம்பத் தக்க ஒரு புறக்குறியைக் கடக்கும்போதுதான் திருத்தம் பெறுகிறது. அகநோக்கு பொய் என்பது இதன் பொருளன்று. அகநோக்குக்கும் இடையிடையே ஒரு சாட்சி வேண்டும் என்பதே பொருள். மெய்கண்டாருடைய சிவஞான போதத்தின் இறுதிச் சூத்திரம், மலம் நீங்கி நிலைபெற்றவன்கூட அடியாருடைய வேடத்தையும் ஆலயத்தையும் இறைவனெனவே கண்டு தொழுவான் என்று விதிப்பதன் மர்மம் இதுவாக இருக்கலாம். உருவ வழிபாடு தொடக்கத்தில் நிற்பவர்க்கு மட்டும் உரியது, முதிர்ந்தவர் அதனைக் கழித்துவிடலாம் என்னும் அபிப்பிராயத்தை அச்சூத்திரம் ஏற்கவில்லை. கோயிலை வேண்டாதிருக்கும் நிலையை எய்தியவனைத்தான் அது கோயிலுக்கு அழைத்துச் செல்கிறது.

சபரிமலைச் சந்நிதியின் முகப்பில் எழுதப்பட்டிருக்கும் தத்வமஸி என்னும் மகாவாக்கியம் சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு உபதேசித்தது என்பதைப் பலர் அறிவர். அவ்வத்தியாயத்திலேயே வழி தவறிய ஒருவனைப் பற்றிய கதையும் உண்டு என்பதை அறிந்தவர் சிலரே. காந்தார தேசத்தான் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்து ஆளற்ற காட்டில் விட்டுவிடுகிறார்கள். அவன் திசை தெரியாமல் கூவுகிறான். ஒருவர் வந்து அவன் கட்டை அவிழ்த்துக் காந்தாரம் இருக்கும் திசையைச் சுட்டுகிறார். பின்னர் அவன் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டே சென்று தன் நாட்டை அடைகிறான். ஆசாரியனைப் பெற்றவனும் அவ்வாறே அறிகிறான் என்கிறார் உத்தாலகர். இச்சிறு கதையில் மூன்று தரப்பும் அடங்கிவிடுகின்றன. சுட்டப்பட்ட திசை தொலைவின் குறி. வழியில் கேட்ட ஊர்கள் அணிமையின் குறிகள். நடந்த கால்களும், கேட்டதை ஆராய்ந்து கொள்ளும் அறிவும் அவனுடையவை. இவை அனைத்துக்கும் முன்னதாக வேண்டியது கட்டு அவிழ்தல். தான் காணவில்லை என்பதை அவன் உணர்ந்து கூவினான். அதனால்தான் அவிழ்ப்பவர் வந்தார். சத்திரத்துக் காட்டு வழியில் கன்னிசாமிகளை முன்னும் பின்னும் நடத்திச் செல்லும் குருசாமி, பல ஆண்டு நடந்த அநுபவத்தால், எந்தப் பாறை மழையில் வழுக்கும், எந்தத் திருப்பத்தில் யானை நிற்கும் என்று அறிந்தவர். எந்தச் செயலியும் அவரை வேண்டாதவராக்கிவிடவில்லை.

இனிச் செயலி இயற்றுவோனுக்கு நடைமுறையில் சொல்லத் தக்கதைச் சுருங்கச் சொல்லிவிடலாம். பாலக்காட்டு வெளியிலும் மலைமேட்டின் புல்வெளியிலும் விண்ணின் குறியே போதும். அங்கே கருவிகளைப் பதிப்பது வீண் செலவு. சோலைக்குள் விண்ணின் குறியோடு அடிக்கணக்கையும் கைப்பேசியில் முன்னரே சேமித்த வரைபடத்தையும் சேர்க்க வேண்டும். கூரை வேய்ந்த வரிசைகளிலும் மண்டபங்களிலும் மண்ணின் குறி வேண்டும். மனித உடல் பெரும்பாலும் நீராதலால் நெருங்கிய கூட்டமே புளூடூத் அலையை விழுங்கிவிடும் என்பதை நினைவிற் கொண்டு, குறியைத் தலைக்கு மேலே அமைக்க வேண்டும். இவற்றிலெல்லாம் கடினமானது வாசற்படி. வெளியிலிருந்து உள்ளே புகும் கணத்தில் விண்ணின் குறி முற்றும் மறைவதில்லை. நலிந்து, சிதறி, பொய்யாகத் தொடர்கிறது. மண்ணின் குறியோ இன்னும் தெளிவாகக் கேட்பதில்லை. அக்கணத்தில் எதை நம்புவது என்று முடிவு செய்வதே இயற்றுவோனின் திறம். ஒரு நெறியை விட்டு மற்றொன்றைப் பற்றும் சாதகனும் அவ்வாசற்படியில்தான் பெரும்பாலும் இடறுகிறான்.

எதை அறிய வேண்டும் என்னும் தேர்வு தவறினாலும் நேரும் கேடு சிறிதன்று. 2011 ஜனவரி 14-ஆம் நாள் மகரவிளக்கு மாலையில் புல்மேட்டில் நெரிசலில் சிக்கி நூற்றுக்கும் மேற்பட்ட யாத்திரிகர் மாண்டனர். அவர்களில் தமிழர் பலர். தாம் எங்கே நிற்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. முன்னேயும் பின்னேயும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதே எவர்க்கும் தெரியவில்லை. தன் இருப்பிடத்தை மட்டும் துல்லியமாகக் காட்டிப் பிறர் இருப்பைக் காட்டாத கருவி அரைக் கருவியே. தன் முத்தியை மட்டும் கணக்கிடும் ஆன்மிகத்தைப் பற்றியும் அவ்வாறே சொல்லலாம்.

இறுதியாக, எந்தக் குறி உயர்ந்தது என்னும் கேள்விக்கு என் விடை இது. வரைபடத்தில் நம் இருப்பிடத்தைக் காட்டும் நீலப் புள்ளியைச் சுற்றி ஒரு வெளிறிய வட்டம் இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். நான் இப்புள்ளியில்தான் இருக்கிறேன் என்று உறுதி கூற இயலாது, இவ்வட்டத்துக்குள் எங்கேனும் இருக்கக்கூடும் என்று கருவி ஒப்புக்கொள்வதே அவ்வட்டம். திறந்த வெளியில் அது சில மீட்டராகச் சுருங்குகிறது, பள்ளத்தாக்கில் விரிகிறது, கூரையின் கீழ் மேலும் விரிகிறது. அழகு கருதியோ வாடிக்கையாளர் நம்பிக்கை இழப்பார் என்று அஞ்சியோ அவ்வட்டத்தை மறைத்துப் புள்ளியை மட்டும் காட்டும் செயலி, காட்டில் நடப்பவனைப் பள்ளத்தில் இறக்கிவிடும். புள்ளியே இல்லாதிருந்தால் அவன் நின்று குருசாமியைக் கேட்டிருப்பான். ஆகவே விண்ணின் குறியா மண்ணின் குறியா என்பது இரண்டாவது கேள்வி. ஒரு கருவி தன் பிழையின் அளவைத் தானே அறிந்து, அதனைப் பயன்படுத்துவோனுக்கு மறைக்காமல் காட்டுகிறதா என்பதே முதற் கேள்வி.

சமய நெறிகளைத் தேர்வோரும் இக்கேள்வியையே முதலில் கேட்கலாம். பரத்தைப் பேசும் நெறி, மண்ணில் நிற்பவன் கண்ணை எத்தனை மறைப்புகள் மறைத்திருக்கின்றன என்பதை ஏற்றுக்கொள்கிறதா? அர்ச்சையைப் பேசும் நெறி, குறியைப் பேணுவோர் தவறினால் குறியும் பொய்க்கும் என்பதை ஏற்றுக்கொள்கிறதா? அகத்தைப் பேசும் நெறி, தனித்து எண்ணுபவனின் பிழை அடிதோறும் வளரும் என்பதை ஏற்றுக்கொள்கிறதா? ஏற்றுக்கொள்ளும் நெறி எதுவாயினும் அதன் பின்னே நடக்கலாம். ஏனெனில் அது தவறினாலும் திருந்தும் வழியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. எல்லா இடத்திலும் எல்லா வேளையிலும் பிழையற்ற புள்ளி ஒன்றைக் காட்டுவதாகச் சொல்லும் நெறியை, அது விண்ணிலிருந்து பேசினாலும் நெஞ்சுக்குள்ளிருந்து பேசினாலும், நம்பிக் காட்டில் இறங்குவது விவேகமாகாது.